பிளேக் தெருவில் ஒரு கோலம்

மைசூர் அக்ரஹாரத்தில் பிளேக். கோலமில்லாத வாசலென்றால் உள்ளே சாவு என்று போலீஸ்காரர்கள் கண்டுகொண்டுவிட்டார்கள். கோடாலி அடியில் ஜயம்மா வீட்டுக் கதவு பிளக்கிறது. தலைமயிரைப் பிடித்து இழுத்து அவளை, நோய் கண்ட வீட்டாரை அடைத்துவைக்கும் முகாமுக்குப் போகும் வண்டியில் எறிகிறார்கள். அடுத்த வாசலில் பங்கஜவல்லி குனிந்து கோலம் போடுகிறாள். விடியலில் செத்த மகன் உள்ளே பாய்ச்சுருளில் கிடக்கிறான். “உங்க வீட்டுல எல்லாரும் சுகமா அம்மா?” என்கிறார் போலீஸ்காரர். “சௌக்கியம்.” மாவுக்கோடு நடுங்காமல் ஓடுகிறது. அவர் கோலத்தை மிதிக்காமல் விலகி நடக்கிறார். ஒட்டுச்சுவர் வழியே அந்த வீட்டு அழுகையைக் கேட்டிருந்த ஜயம்மா, வாயில் ரத்தம் வழிய, வண்டியிலிருந்து அலறுகிறாள்: “அடி மகாபாவி! பிள்ளைப் பிணத்தை ஆத்துல வெச்சுண்டு கோலமாடி போடறே?” பூட்ஸ் கால் திரும்பி வந்து கோலத்தின் நடுவில் விழுகிறது.