இருக்கிற வேலை

கதிரைகள் காலியாகக் கிடந்தும் நேசமலர் உட்காரவில்லை. கையில் சாப்பாட்டுப் பையும் குடையுமாகச் சுவரோரம் நின்றுகொண்டு, பத்து மணிக்குள் தன்னைக் கூப்பிட்டுவிடுவார்களா என்று தாதியிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். வேலைக்குப் பிந்துகிறவர்களின் பதற்றம் அவருடைய முகத்தில் அப்படியே தெரிந்தது.

உள்ளே இருந்த பிசியோதெரபிஸ்ட் ஜனார்த்தனன் கொழும்பில் பிறந்து வளர்ந்தவன், வவுனியாவுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நல்ல பிள்ளைதான். ஆனால் வருகிறவர் பாதிக் கதை சொல்லும்போதே மீதியைத் தானே சொல்லி முடித்துவிடுகிற அவசரக்காரன்.

எங்கே நோகிறது என்று கேட்டான். நாரி என்று இடுப்பின் பின்பக்கத்தைக் காட்டினார் நேசமலர். இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, முன்பு பார்த்த டொக்டரிடமும் நாரி என்றே சொல்லி, நாரிக்குத் தைலம் பூசிப் பூசி மாதக் கணக்கில் காலம் வீணாகியிருந்தது.

ஜனார்த்தனன் அவரைக் கதிரையில் இருக்கச் சொல்லி, எழும்பச் சொல்லிப் பார்த்தான். இருக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தார், எழும்பும்போது பல்லைக் கடித்துக்கொண்டார். இது நாரி இல்லை, வால் எலும்பு என்று சொல்லிவிட்டு, எங்காவது விழுந்தீர்களா என்று கேட்டான்.

விழவில்லை என்றார். அப்படியென்றால் கட்டாந்தரையிலோ பலகையிலோ நாள் முழுக்க இருந்ததுதான் காரணம், தையல் மெசினில் இருக்கிறவர்களுக்கும் பஸ் ஓட்டுகிறவர்களுக்கும் வருவதுதான், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை என்று அவன் ஆறுதல் சொன்னான்.

“நீங்க என்ன வேலை செய்றீங்க அம்மா?”

“இருக்கிற வேலைதான் தம்பி.”

“கடையிலயா?”

“இல்லை. அரசாங்கத்தோடைதான் அலுவல்.”

ஜனார்த்தனனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏதோ ஒரு கந்தோர் மூலையில், கோப்புகளுக்கு நடுவே, இந்த அம்மாவை ஒருவரும் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். நல்ல கதிரை ஒன்றுகூடத் தரவில்லையா என்று கோபமாகக் கேட்டான்.

முதலில் பாயில்தான் இருந்தோம், பிறகுதான் ஒரு வாங்குப் பலகை கிடைத்தது என்றார் நேசமலர். மழைக்கு ஒழுகுமாம். வெயிலுக்கும் தூசிக்கும் சொல்லி முடியாதாம்.

உங்களை மாற்றிவிட வேறு ஆளில்லையா என்று கேட்டான். முந்தி நிறையப் பேர் இருந்தோம், ஒருத்தி தேத்தண்ணி கொண்டுவந்தால் எல்லாரும் குடிப்போம், சிரிப்புக்கும் குறைவில்லை என்றார். ஒவ்வொருவராகச் செத்துப் போனார்கள், மிச்சப் பேர் படுக்கையில் விழுந்தார்கள். கடைசிவரை கூட வந்த வீரம்மாவும் சீனி வருத்தத்தில் கால் போய் வீட்டோடு கிடக்கிறார்.

இப்போது நேசமலர் மட்டும்தான். சாப்பாட்டுப் பொதியை அவிழ்க்கும்போது இந்தா என்று நீட்ட அவருடைய கை தன்பாட்டில் பக்கத்துக்குப் போகிறது, பக்கத்தில் ஆளில்லை. நெளுக்குளத்து வீட்டுக்குத் திரும்பினாலும் அதே கதைதான். எலும்பு நோவதைவிட அதுதான் தம்பி பெரிய நோவு என்றார்.

அவன் வைத்தியத்தைச் சொல்லத் தொடங்கினான். பின்பக்கம் வெட்டிய குஷன் ஒன்றைப் போட்டு, சற்று முன்னால் சாய்ந்து இருக்க வேண்டும், அடிக்கடி எழும்பி நடக்க வேண்டும். இரவில் இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுத்து, படுத்தபடி முழங்காலை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க வேண்டும்.

“இதெல்லாம் செஞ்சாலும், ரெண்டு மாசத்துக்கு நீங்க வேலைக்குப் போய் இருக்கவே கூடாது.”

நேசமலரின் முகம் செத்துப் போயிற்று. இவ்வளவு நேரமும் நோவைச் சொன்னபோது வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. ஒரு ஊசி போட்டுவிட முடியாதா, மருந்து எவ்வளவு கசந்தாலும் குடிக்கிறேன் என்று கெஞ்சினார்.

“என்ரை இடம் வெறுமையாக் கிடந்தா, இனி ஒருத்தருக்கும் தேவையில்லை எண்டு நினைச்சுப் போடுவினம் தம்பி.”

வேலை பறிபோய்விடும் என்று பயப்படுகிறார் என எண்ணி ஜனார்த்தனன் சிரித்தான். அரசாங்க வேலையை அப்படி யாரும் பறிக்க முடியாது, முறைப்படி மெடிக்கல் போட்டால் சம்பளத்திலும் கை வைக்க மாட்டார்கள் என்று தேற்றினான். பேனையையும் எடுத்துவிட்டான்.

“நான் எழுதித் தாறேன். லீவு யார்கிட்ட கேக்கணும்? உங்க மேலதிகாரி யாரு?”

நேசமலர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

“எனக்கு ஆர் தம்பி லீவு தாறது? காணாமப்போன என்ரை மகனைத் தாங்கோ எண்டெல்லோ நான் றோட்டிலை இருக்கிறன்.”