மீளாத் துயில்

இதனால் உலக மக்கள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், இன்று முற்பகல், சிற்றுண்டிக்குச் சற்று முன்னதாக, எச்.ஐ.வி. கிருமி மீளாத் துயில் கொண்டது.

ஆய்வு மைய இயக்குநர் அருளானந்தசாமி மேடையில் இப்படித்தான் வாசித்தார். கைதட்டல்.

அந்த ஆய்வைச் செய்த இளம் ஆய்வாளர் மேடையோரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவளுடைய ஆய்வறிக்கையில் இருந்தது 'உறக்கநிலை' என்ற ஒரே சொல். இயக்குநருக்கு அது போதவில்லை. 'மீளாத் துயில்' ஆக்கினார். ஃபிளெக்ஸ் கடைக்காரருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. பழக்கதோஷத்தில் பேனரின் ஓரமெல்லாம் மாலை போட்டு, இரண்டு குத்துவிளக்கு ஏற்றி, 'மறைவு' என்று இன்றைய தேதியையும் அச்சடித்துவிட்டார்.

கிருமிக்குக் கண்ணீர் அஞ்சலி.

யாரும் கவனிக்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான். நோயெதிர்ப்புச் செல்லுக்குள் கிருமி தன் மரபணுவைச் செருகிவிட்டு உட்கார்ந்திருக்கும். அதை முடுக்க ஒரு விசை உண்டு. ஆய்வகத் தட்டில் ஒரு மருந்து அந்த விசையை அணைத்து வைத்தது. அணைந்திருந்தால் செல் இருட்டு. கிருமி விழித்தால் செல் பச்சையாக ஒளிரும்; அப்படித்தான் அடையாளம் வைத்திருந்தார்கள்.

போன வாரம் அந்த மருந்தைத் தட்டிலிருந்து நீக்கிப் பார்த்தாள்.

இன்று காலை தட்டு முழுக்கப் பச்சை.

விழா தொடங்குமுன்பே இயக்குநரிடம் ஓடினாள்.

"சார், எல்லாம் பச்சையாயிடுச்சு."

"பச்சைன்னா நல்ல சகுனம்தானேம்மா. போய் பூங்கொத்து வந்துச்சான்னு பாருங்க."

முன்வரிசையில் பூங்கோதை எழுந்தாள். நோயாளிகள் சங்கத்தின் சார்பில் வாழ்த்த வந்தவள். வருடக்கணக்காக மாத்திரையில் இருப்பவள்.

"டாக்டர், அதான் செத்துப்போச்சே. மாத்திரைய இன்னையோட நிறுத்திரலாமா? வயித்தப் புரட்டுது."

"விஞ்ஞானம் உங்கள் கண்ணீரைத் துடைத்துவிட்டது, சகோதரி!" என்றார் இயக்குநர்.

மறுபடி கைதட்டல்.

பூங்கோதையும் தட்டினாள். சிரித்தாள்.

ஆய்வாளர் படியிறங்கி வந்து பூங்கோதையின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, மாத்திரைய நிறுத்திராதீங்க. அது சாகல. எங்க தட்டுலகூட சும்மா தூங்குச்சு, அவ்வளவுதான். மருந்த நிறுத்துனோம், முழிச்சிக்கிச்சு."

"அப்ப இந்தப் பேனரு?"

"எழவு வீடு மாறிப்போச்சுக்கா."

மேடையில் இயக்குநர் பொன்னாடைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

பூங்கோதை தன் கைப்பையைத் திறந்தாள். பிறகு இயக்குநருக்காக மேசையில் வைத்திருந்த தண்ணீர்ப் பாட்டிலை எட்டி எடுத்தாள்.

இன்றைய மாத்திரையைப் போட்டு விழுங்கினாள்.