சாட்சிக்கு வந்த மாப்பிள்ளை

மார்ச் 3, செவ்வாய், விடாத தூறல். ஆவணப் பிரிவின் மேசையில் முன்னாள் இராணுவ ஓட்டுநரின் மேல்முறையீடு விரிந்திருக்கிறது. கிடைத்த விடுப்பை எடுக்காமல் குண்டுமழைக்குள் வண்டி ஓட்டியவரை, அன்று விடுப்பில் இருந்ததாகவே பணிப்பதிவு முப்பதாண்டுகளாகச் சொல்கிறது. அதைத் திருத்தினால்தான் பதக்கம். ஒரே சாட்சி, அன்று அவர் அருகில் அமர்ந்து வந்த சிப்பாய். இன்று தங்கையின் கணவர். அச்சண்டைக்குக் கிடைத்த பதக்கம் அவர் சட்டையில் சன்னலொளி பட்டு மின்னும்போதெல்லாம் ஓட்டுநரின் வயிறு எரிகிறது.

“கையெழுத்துப் போட வர்றதுக்கு இதைக் குத்திக்கிட்டு வரணுமா மாப்ளே?”

“உங்க தங்கச்சிதான் குத்திவிட்டா. ஏன் மச்சான், குடும்பத்துக்கு ஒண்ணு போதாதா?”

பேனா காகிதத்தின்மேல் அசையாமல் நிற்கிறது. பிறகு மாப்பிள்ளை நிதானமாகக் கையொப்பமிட, எழுத்தர் முத்திரை குத்துகிறார்.

“பதக்கத்துல எந்தத் தேதி போடுவீங்க?” என்று எழுத்தரிடம் கேட்கிறார் ஓட்டுநர்.

“சண்டை நடந்த தேதிதான்.”

“அப்ப இவரு எனக்கு ஒருநாள்கூட சீனியர் இல்ல.”

மாப்பிள்ளையின் புன்னகை மறைகையில் மணி சரியாகப் பதினொன்று நாற்பத்திரண்டு.