உப்போடைப்பட்டியில் பெய்த மழை

மழைக்கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்த அருள்வடிவுக்கு மாதத்தின் முதல் நாள் தொலைபேசி நாளாக இருந்தது.

ஊருக்கு ஒரு மழைமானி. மானிக்கு ஒரு கணினிக் கோப்பு. மானியைக் காப்பவர் கைபேசியிலிருந்தே நாளுக்கு ஓர் எண் இடுவார். எங்கேனும் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால், அவரை அழைத்துக் கேட்டு அருள்வடிவு நிரப்புவாள். நிரப்பிய எண்ணை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள்.

உப்போடைப்பட்டி சீனிராஜ் எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை முடிக்கமாட்டார்.

"பூஜ்யந்தான் தாயி. ஒங்க கம்ப்யூட்டர்ல வேற நம்பர் இருந்தா இங்கிட்டுக் கொஞ்சம் அனுப்பி விடுங்க."

சிரித்துக்கொண்டே பூஜ்யம் இடுவாள்.

சென்ற ஆனியில், கணினியே கணக்கைப் பார்த்துக்கொள்ளும்படி அவள் ஒரு மேக்ரோ எழுதினாள்.

வாரக்கணக்கில் இழுத்த வேலை ஒரு பொத்தானுக்குள் அடங்கிற்று. கோப்புகளைத் தானே திறந்தது. எண்களைத் தானே கூட்டியது. அளந்தவர் பெயரைத் தானே அடியில் இட்டது. வெறும் கட்டத்தைக் கண்டால், சுற்றியுள்ள ஊர்களின் சராசரியை எடுத்து நிரப்பிக்கொண்டது.

அந்தக் கடைசி வரியை எழுதியபோது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு கட்டங்கூட விடுபடாத கோப்பு என்று, கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லி அதிகாரி பாராட்டினார்.

அதன்பின் அவள் யாரையும் அழைக்கவில்லை.

இப்போது மார்கழி. வறட்சி பாதித்த ஊர்களின் பட்டியல் மேசைமேல் இருந்தது. அதுவும் மேக்ரோ எடுத்துத் தந்ததே. உணவு இடைவேளைக்குப் பின் அதிகாரி கையொப்பமிட வேண்டும்.

தொலைபேசி அதிர்ந்தது. திரையில் சீனிராஜின் பெயர்.

"என்ன அண்ணாச்சி, அதிசயமா நீங்களே கூப்பிடுதீக?"

மறுமுனையில் ஒரு பெண் இருமினாள்.

"நான் அவுக வீட்டுக்காரி பேசுதேன் தாயி. அவுக ஆடியிலேயே போய்ச் சேந்துட்டாக."

அருள்வடிவு எழுந்து நின்றாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"நான் மக வீட்டுக்குத் திருப்பூர் போறேன். மழைமானி வாசல்ல நிக்கி. ஆள் விட்டு எடுத்துக்கிடுதீகளா?"

"எனக்கு யாருமே சொல்லலியே, மதினி."

"மாசம் பொறந்தா கூப்பிடுவீகளே, அப்பச் சொல்லிக்கிடலாம்னு இருந்தேன்."

அந்தக் குரலில் குறை இல்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது.

"என்னைக்கு மதினி?"

"ஆடிப்பெருக்கு அன்னைக்கு."

அவள் கோப்பைத் திறந்து அந்த நாளைத் தேடினாள்.

14.2 மில்லிமீட்டர்.

அளந்தவர்: சீனிராஜ்.

"தூக்கிட்டுப் போறப்ப தெருமுக்குல நின்னு வானத்தத்தான் பாத்தேன் தாயி. ஆயுசு பூரா மழைய அளந்த மனுசன். ரெண்டு தூத்தலாச்சும் போடும்னு பாத்தேன். போடல."

கோப்பில் அடுத்தடுத்த மாதங்களுக்கு அவள் இறங்கினாள்.

ஆவணியில் அவர் அளந்திருந்தார். புரட்டாசியில் அளந்திருந்தார். ஐப்பசியில், அடைமழையைக்கூட நாள் தவறாமல் அளந்திருந்தார்.

ஒவ்வொரு மாதத்தின் அடியிலும் அவர் பெயர்.

"அதுக்கப்புறம் அங்க மழை உண்டா?"

"எங்க தாயி! பக்கத்து ஊருல எல்லாம் ஊத்து ஊத்துன்னு ஊத்துது. நம்ம ஊரு எல்லையக் கண்டா அதுக்கு என்ன கோவமோ, தாண்டிப் போயிருது. வெதச்ச உளுந்து மொளச்சதோட கருகிட்டு. வறட்சிப் பட்டியல்ல ஊருப் பேரு வந்துரும்னுதான் எல்லாரும் உசிரப் புடிச்சிக்கிட்டுக் கெடக்காக."

அருள்வடிவு பட்டியலை எடுத்தாள். மேலிருந்து கீழே படித்தாள். கீழிருந்து மேலே படித்தாள்.

உப்போடைப்பட்டி அதில் இல்லை. போதிய மழை பெற்ற ஊர்களோடு அது சேர்ந்திருந்தது.

"வந்துரும்லா தாயி?"

"நான் திரும்பக் கூப்பிடுதேன் மதினி."

பேசியை வைத்தாள். 

சீனிராஜின் கட்டங்களை ஆடிப்பெருக்கிலிருந்து முழுதாகத் தேர்ந்தெடுத்து அழித்தாள். ஆடி வெளுத்தது. ஆவணி வெளுத்தது. திரையில் வெயில் அடித்தாற்போல் இருந்தது.

பட்டியலைப் புதிதாக எடுக்க வேண்டுமே. பழகிய விரல் பொத்தானை அழுத்தியது.

வெறும் கட்டங்கள் பக்கத்து ஊர்களின் சராசரியால் ஒவ்வொன்றாக நிரம்பின.

ஆடிப்பெருக்கில் மறுபடியும் 14.2.

அளந்தவர்: சீனிராஜ்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எங்கோ ஓர் ஒல்லியான மனிதர், எவரும் அழைக்காத வீட்டின் வாசலில், மழைமானியின் ஈரமில்லாத குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, அவள் சொன்ன எண்ணை அப்படியே படிப்பது போலிருந்தது.

படிக்கட்டில் அதிகாரியின் செருப்பொலி கேட்டது. யாரிடமோ உரக்கச் சிரித்தபடி வந்துகொண்டிருந்தார். கையொப்பத்துக்குப் பேனா தேடுவார். கோப்பில் விடுபட்டது ஒன்றும் இல்லையே என்று வழக்கம்போல் கேட்பார். இல்லை ஐயா என்று அவள் சொன்னால் போதும். மறு கேள்வி வராது.

அருள்வடிவு பட்டியலை எடுத்துக்கொண்டாள்.

உப்போடைப்பட்டியில் பெய்த மழை முழுவதும் தான் பெய்வித்தது என்று அதிகாரியிடம் சொல்லிவிடுவதென முடிவு செய்தாள்.