ஒரு நிமிட மௌனம்

ஒரு குட்டையில், ஆம்பல் இலை ஓரத்தில் ஒரு சிலந்தி குடியிருந்தது. அது வலை பின்னுவதில்லை. கண்பார்வையும் மந்தம். முன்கால்களைத் தண்ணீரின் மேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். யாராவது அசைந்தால் அலை வந்து காலைத் தட்டும். அலை வந்த திசையில் ஓடினால் சாப்பாடு.

அந்தக் குட்டைத் தவளைகள் கட்டைவிரல் பருமன்கூட இருக்காது. அன்று காலை அவற்றில் ஒன்றைச் சிலந்தி சாப்பிட்டுவிட்டது. சாயங்காலமே மற்றத் தவளைகள் இரங்கல் கூட்டம் போட்டன.

"முதலில் ஒரு நிமிடம் மௌனம்" என்றார் தலைவர் தணிகாசலம்.

எல்லோரும் அசையாமல் மிதந்தார்கள். சிலந்தி காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தது. ஒன்றும் தட்டவில்லை. இத்தனை பேர் பக்கத்திலிருந்தும் இன்று ராத்திரி பட்டினிதானோ என்று அதற்குக் கவலை வந்துவிட்டது.

நிமிடம் முடிந்தது. தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அசையாதீர்கள், அலைதான் நம்மைக் காட்டிக்கொடுக்கிறது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!" என்று சொல்லித் தண்ணீரில் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

மறுநாள் தணிகாசலத்துக்கு இரங்கல் கூட்டம். சிலந்தி நேரத்தோடு வந்து உட்கார்ந்துகொண்டது.

துணைத் தலைவர் பூங்காவனம் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"தலைவரைப் பற்றிப் பேச நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். நேரம் போதாது. அதனால் மௌனத்தை மட்டும் இன்று விட்டுவிடுவோம்" என்றார்.

சிலந்திக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.