சூடு தாங்கும் வித்தை

"இன்னா தம்பி, புதுசா? உலைகிட்ட வயிறு முட்டத் தின்னுட்டு நிக்காதே. உப்பு மோர் குடிச்சிக்கினே இரு. தலை சுத்துனா வெக்கப்படாம வெளியே போய்க் குந்திக்கோ," என்றான் இரும்பு உருக்காலைத் தொழிலாளி நாகமுத்து.

"ஃபேன் கிடையாதாண்ணே?"

"போன கோடையில இங்கதான் எங்கூட வேலை செஞ்ச அப்பாவு சுருண்டு விழுந்து செத்தான். அன்னிலருந்து கேட்டுக்கினுதான் கீறோம்."

வந்தவன் நெளிந்தான். "நான் வேலைக்கு வரலைண்ணே. சூட்டைத் தாங்குறதுக்கு உங்களுக்கெல்லாம் யோகாசனம் கத்துக்கொடுக்கச் சொல்லி முதலாளி அனுப்பியிருக்காரு."

மூன்றாவது ஆசனத்திலேயே யோகா மாஸ்டர் மயங்கி விழுந்தார்.

மறுநாளே கும்மிடிப்பூண்டி கடைத்தெருவிலிருந்து புது ஃபேன் வந்து இறங்கியது. நாகமுத்து ஓடிப்போய் அதன் எதிரே நின்று சட்டையை விரித்தான்.

"நவுருய்யா!" என்றார் மேஸ்திரி. "அது மாஸ்டருக்கு. கிளாஸ் முடிஞ்சதும் ஆபீஸ் ரூமுக்குப் போயிடும்."