பக்கச் சக்கரம்

பிலோமினாவின் மூன்று சக்கர ஸ்கூட்டரில் இடப்பக்கச் சக்கரம் இரண்டு நாளாக ஆடிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கிடம் போவதை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாசலில் சாக்கை விரித்து வண்டியோரமாகப் படுத்தாள். செங்கல்லை முட்டுக்கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, பழைய பேரிங்கைத் தட்டி எடுத்து, புதியதில் கிரீஸ் தடவி ஏற்றினாள். சக்கரத்தை மாட்டி நட்டை முறுக்கும்போது யாரோ ஓடிவரும் செருப்புச் சத்தம் கேட்டது.

"விழுந்துட்டியாம்மா?"

காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெண் குனிந்தாள். முன்பின் பார்த்திராத முகம். இப்படிக் கேட்பவர்களிடம் "ரிப்பேர் பாக்கிறேன்" என்று வெடுக்கென்று சொல்வதுதான் பிலோமினாவின் வழக்கம். அன்று என்னவோ, ஸ்பேனரை மெல்லச் சாக்குக்கடியில் தள்ளினாள்.

"ஆமாக்கா" என்றாள்.

அந்தப் பெண் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைத்தாள். புடவையில் கிரீஸ் ஒட்டியதைப் பொருட்படுத்தாமல் முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்தாள். தலையைத் தடவி, "எங்கியாவது வலிக்குதா?" என்றாள். அம்மா இறந்து, தனியாக இருக்கும் இந்தப் பதினோரு மாதத்தில் பிலோமினாவை யாரும் தொட்டதில்லை.

"வீட்ல யாரும் இல்லியா?"

"இருக்காங்க. கடைக்குப் போயிருக்காங்க."

சமாதானமாகிப் பையை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் தெருமுனை திரும்பும்வரை பிலோமினா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சக்கரத்தைக் கையால் சுழற்றினாள். துளி ஆட்டமில்லாமல் வெகுநேரம் சுற்றியது. அது நின்றதும், சாக்கை மறுபக்கம் இழுத்துப் போட்டுப் படுத்து, ஒரு குறையுமில்லாத வலப்பக்கச் சக்கரத்தின் நட்டைத் தளர்த்த ஆரம்பித்தாள்.